26 பேரில் 4 பேரால்தான் பில்ட் செய்ய முடிந்தது, எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

ஏட்டுச்சுவடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்களை டெசராக்ட் (படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) மூலம் எழுத்தாக்கிய பிறகு அதில் விழும் பிழைகளைத் திருத்த ஒரு சிறிய கருவியை இரண்டு வருடமாக எழுதி வருகிறேன். ர வர வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து உட்காருவது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் இருக்கும் ணை, லை, னை வடிவங்களை வேறு எதுவாகவோ படிப்பது, இந்த மாதிரிப் பிழைகள். சி++ மொழியில் எழுதியது, சீமேக் என்ற கட்டுமானக் கருவி வைத்து பில்ட் ஆகிறது, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் நிரலாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் டெசராக்ட் யோசித்த மாற்று எழுத்துகளும் எனக்கு வேண்டும் என்பதால் அதன் லைப்ரரியை நேரடியாக இணைத்திருக்கிறேன். யூனிகோட் வேலைக்கு ஐசியு என்ற லைப்ரரி. சோதனைப் பக்கங்கள் தனி ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இருக்கின்றன, அதை கிட் சப்மாட்யூலாக, அதாவது இன்னொரு ரெப்போவைச் சுட்டும் உள் ஃபோல்டராகச் சேர்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் இதை வைத்து அரை நாள் பயிலரங்கு நடத்தினேன். முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் மூலநிரலை இறக்கி பில்ட் செய்துவிடுவார்கள், மீதி நேரத்தில் ஆளுக்கு ஒரு சின்னப் பிழையை எடுத்துத் திருத்துவார்கள் என்று நினைத்துப் போனேன். 26 பேர் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது 4 பேர் கணினியில்தான் கருவி ஓடியது.

யார் எங்கே மாட்டினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். பாதிப் பேரிடம் உபுண்டு 22.04, அதில் சீமேக் 3.22, என் பில்ட் கோப்பு குறைந்தது 3.28 கேட்டது, முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ஐசியு இல்லை என்று எரர் வந்தவர்கள் பேக்கேஜ் பட்டியலைத் திறந்து காட்டினார்கள், அதில் ஐசியு இன்ஸ்டால் ஆகியிருந்தது. கிட்ஹப்பில் ஜிப்பாக இறக்கியவர்களுக்கு சப்மாட்யூல் ஃபோல்டர் காலியாக இருந்தது. 22.04-இல் வரும் டெசராக்ட் 4.1.1, அதனால் பதிப்பு 5-ஐ மூலத்திலிருந்து கட்டச் சொல்லி ரீட்மியில் (வழிமுறைக் கோப்பில்) எழுதியிருந்தேன், 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினிகள் அங்கேயே உறைந்துபோயின. அதையும் தாண்டி வந்த இருவருக்கு ஓட்டியவுடன் டெசராக்ட் தமிழைப் படிக்கத் தேவையான டிரெய்ன்ட்-டேட்டா கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. வின்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தவர்களுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை.

இதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மாணவி, அங்கிருந்த யாரையும்விட நன்றாக நிரல் படிக்கக்கூடியவர், மூன்று மணி நேரம் போராடிவிட்டு "எனக்கு இது வராது போல சார்" என்று மடிக்கணினியை மூடிவிட்டார். அவருக்கு வந்த எரருக்கும் அவர் திறமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் பில்ட் கோப்பில் நான் போட்டிருந்த ஒரு எண்தான் காரணம். இதை அன்றைக்கு அவரிடம் தெளிவாகச் சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சீமேக்கை விட்டு மேசான் என்ற இன்னொரு கட்டுமானக் கருவிக்கு மாறலாமா? தேவையானதெல்லாம் உள்ளே வைத்த டாக்கர் இமேஜ் கொடுத்துவிடலாமா? எதை முதலில் செய்தால் அதிகப் பலன்?

பொதிகட்டி எழுதியது:

உங்கள் ரெப்போவை நேற்று இரவு இறக்கிப் பார்த்தேன். பல வருடமாக ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, டெபியன் மாதிரி) பேக்கேஜ் கட்டிக்கொண்டிருக்கிறேன், அடுத்தவர்கள் எழுதியதைப் பில்ட் செய்வதுதான் என் அன்றாட வேலை, அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மேசானுக்கு மாறுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மேசான் நல்ல கருவி, சிஸ்டம்டி 2017-இல் அதற்கு மாறியது, போஸ்ட்கிரெஸ் 16-ஆம் பதிப்பிலிருந்து அதையும் ஏற்கிறது. ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் சிக்கல்களில் ஒன்றைக்கூட அது தீர்க்காது.

முதலில் அந்த 3.28. அதில் மட்டுமே வரும் வசதி எதையாவது பயன்படுத்துகிறீர்களா என்று தேடினேன், ஒன்றும் இல்லை. உங்கள் கணினியில் 24.04 இருக்கிறது, அதில் வருவது 3.28, அதை அப்படியே எழுதிவிட்டீர்கள். எண்ணை 3.16 என்று குறைத்து ஓட்டிப் பார்த்தேன், ஒரு வரியும் மாற்றாமல் பில்ட் ஆகிறது. இதை நிறைய பேர் செய்கிறார்கள். குறைந்தபட்சப் பதிப்பு என்பது நம்மிடம் இருக்கும் பதிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது நாம் சோதித்துப் பார்த்த மிகப் பழைய பதிப்பாக இருக்க வேண்டும். ரொம்பவும் கீழே போய்விடவும் கூடாது, 2025-இல் வந்த சீமேக் 4.0, 3.5-க்குக் கீழே கேட்கும் திட்டங்களை ஏற்காமல் நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது, டெசராக்ட் 5 உண்மையிலேயே வேண்டுமா? நீங்கள் அழைக்கும் ஃபங்ஷன்களை எல்லாம் பார்த்தேன், அத்தனையும் 4.1-இலேயே இருக்கின்றன. ஒரு இடத்தில் மட்டும் பதிப்பு 5-இன் ஹெடர் பெயரை எடுத்திருக்கிறீர்கள், அதை மாற்றினால் போதும், 22.04-இல் இருப்பவர்கள் டிஸ்ட்ரோ தரும் லைப்ரரியை வைத்தே கட்டிவிடலாம். மாணவர்கள் ஒரு மணி நேரம் டெசராக்ட் கட்ட வேண்டியதில்லை, மடிக்கணினியும் உறையாது. அந்தத் தமிழ் டேட்டா கோப்புச் சிக்கலும் இதோடு போய்விடும். அது ஏன் வந்தது என்றால், ஆப்ட் (உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவி) வழியாக இன்ஸ்டால் செய்த டேட்டா யூஎஸ்ஆர் ஷேருக்குள் டெசராக்ட்-ஓசிஆர் என்ற ஃபோல்டரில் இருக்கும், மூலத்திலிருந்து கட்டிய டெசராக்ட் யூஎஸ்ஆர் லோக்கல் ஷேருக்குள் தேடும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தும் ஒன்றை ஒன்று தெரியாது. டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறியில் சரியான இடத்தைச் சொன்னால் ஓடிவிடும், ஆனால் புதிதாக வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே எப்படித் தெரியும்?

மூன்றாவது ஐசியு. டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஒரு லைப்ரரி இரண்டு பேக்கேஜாகப் பிரிந்து வரும். ஓடும்போது தேவைப்படும் பகுதி ஒன்று, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் உள்ள "டெவ்" பேக்கேஜ் இன்னொன்று. ஃபெடோராவில் "டெவெல்" என்பார்கள். மாணவர்கள் காட்டியது முதல் வகை, உங்கள் பில்ட் தேடியது இரண்டாம் வகை. சீமேக் "ஐசியு கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும். அதைப் படிக்கும் புது ஆள் "அதான் இருக்கிறதே" என்று குழம்புவது நியாயம்தான்.

டெசராக்டே இதற்கு நல்ல உதாரணமும் கெட்ட உதாரணமும் தருகிறது. அது சார்ந்திருக்கும் லெப்டோனிக்கா பட லைப்ரரி இல்லாமல் அதன் கான்ஃபிகரை (பில்ட்டுக்கு முன் கணினியைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டை) ஓட்டினால், 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும், லிப்லெப்டோனிக்கா-டெவ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து பாருங்கள் என்று பேக்கேஜ் பெயரோடு சொல்லும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை எழுதியிருக்கிறார், அது எத்தனை பேருடைய சாயங்காலத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே திட்டத்தை ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவ் என்ற மேக்ரோ தொகுப்பு இல்லாத கணினியில் கட்டினால், கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் ஏதோ ஒரு நாலாயிரமாவது வரியில் ஷெல் சின்டாக்ஸ் எரர் என்று வரும். விரிக்கப்படாத மேக்ரோ ஒன்று அப்படியே ஸ்கிரிப்டில் விழுந்துகிடப்பதால் வரும் எரர் அது, பேக்கேஜ் இல்லை என்று எங்கேயும் சொல்லாது. பழகியவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் அந்த வரியைத் திறந்து ஸ்கிரிப்டைத் திருத்தப் பார்ப்பார்கள், அதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சீமேக் கோப்பில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் "கிடைக்கவில்லை என்றால்" என்ற கிளையில் டெபியன், ஃபெடோரா, ஆப்பிள் மேக் மூன்றுக்கும் பேக்கேஜ் பெயரை எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை. இதை மட்டும் செய்தாலே பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

அப்புறம், ஐசியுவை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே ஒரு ஃபங்ஷன், நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்குவது), அதுவும் தமிழ் எழுத்துகளுக்கு மட்டும். தமிழ் யூனிகோடில் இரண்டு குறி சேர்ந்து ஒன்றாகும் ஜோடிகள் மொத்தமே 4. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒகரக் குறி, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஓகாரக் குறி, ஒற்றைக்கொம்பும் ஔகார நீளக் குறியும் சேர்ந்து ஔகாரக் குறி, ஒ என்ற எழுத்தும் அதே நீளக் குறியும் சேர்ந்து ஔ. இதற்கு இருபது வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதி, நாலுக்கும் நாலு சோதனை எழுதினால் போதும். ஐசியு அருமையான லைப்ரரி, பல மொழிகளைக் கையாளும் திட்டம் என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். உங்கள் கருவி தமிழைத் தவிர எதையும் தொடுவதில்லை, அதற்காக ஒவ்வொரு மாணவர் கணினியிலும் இவ்வளவு பெரிய லைப்ரரியை எதிர்பார்க்க வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஆய்வகம்_மூன்று எழுதியது:

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பொதிகட்டி சொன்னதெல்லாம் சரி, ஆனால் மாணவர்கள் கையில் இருக்கும் இயந்திரத்தை நினைத்துச் சிலது சொல்ல வேண்டும்.

நினைவகம். உங்கள் ரீட்மியில் மேக் என்ற பில்ட் கட்டளைக்குப் பின் "ஜே" என்று மட்டும் இருக்கிறது, எண் இல்லை. எண் இல்லாத ஜே என்றால் எத்தனை கோப்பு உண்டோ அத்தனையையும் ஒரே நேரத்தில் கம்பைல் செய் என்று அர்த்தம். 32 ஜிபி உள்ள கணினியில் அது வேகம், 4 ஜிபியில் கணினியே அசையாது. கடைசியில் கெர்னல் தலையிட்டு ஏதாவது ஒரு கம்பைலரைக் கொன்றுவிடும், திரையில் "கில்ட்" என்றும் சிசி1பிளஸ் (சி++ கம்பைலரின் பெயர்) என்றும் ஒரு வரி வரும். மாணவர்கள் அதைப் பார்த்து நிரலில்தான் பிழை என்று நினைப்பார்கள், ஏனென்றால் அதற்கு மேலே கோப்பின் பெயர் இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு, சி++ என்றால் ஒரு வேலைக்கு 2 ஜிபி. 4 ஜிபி கணினியில் ஜே 2, அவ்வளவுதான். மேக்குக்குப் பதிலாகப் பயன்படும் நிஞ்சா, எண் சொல்லாவிட்டால் கோர் எண்ணிக்கையைவிட இரண்டு அதிகமாக ஓட்டும், அதுவும் சிறிய கணினிக்கு அதிகம். ரீட்மியிலேயே "நினைவகம் குறைவு என்றால் இப்படி ஓட்டுங்கள்" என்று ஒரு வரி வையுங்கள்.

அடுத்தது டபிள்யூஎஸ்எல். ஷெல் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்கிறீர்களே, நிச்சயம் வரிமுடிவுதான். வின்டோஸ் பக்கத்து கிட் இறக்கும்போது ஒவ்வொரு வரியின் முடிவையும் வின்டோஸ் பாணிக்கு மாற்றிவிடும், அந்தக் கோப்பை லினக்ஸ் பக்கத்தில் ஓட்டினால் பாஷ் என்ற பெயரின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு "அப்படி ஒரு இன்டர்பிரட்டர் இல்லை" என்று வரும். ரெப்போவில் கிட்-அட்ரிப்யூட்ஸ் கோப்பு வைத்து, எஸ்எச் என்று முடியும் கோப்புகளுக்கு எப்போதும் எல்எஃப் (லினக்ஸ் பாணி வரிமுடிவு) என்று ஒரு வரி எழுதினால் எல்லோருக்கும் தீர்ந்துவிடும். மாணவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், சி டிரைவுக்குள் வைத்து டபிள்யூஎஸ்எல்லில் பில்ட் செய்யாதீர்கள், லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். வேக வித்தியாசம் கண்ணால் பார்க்கும் அளவுக்கு இருக்கும்.

ஃபோல்டர் பெயரில் இடைவெளி. இது சின்ன விஷயமாகத் தோன்றும். மாணவர்கள் "நியூ ஃபோல்டர்" என்றே வைத்திருப்பார்கள், அல்லது வின்டோஸ் பயனர் பெயரிலேயே இனிஷியலுக்கு முன் இடைவெளி இருக்கும். ஆட்டோமேக் பயன்படுத்தும் திட்டங்கள் பல இதற்கே "பாதுகாப்பற்ற ஃபோல்டர் பெயர்" என்று நின்றுவிடும். உங்களுடையது சீமேக் என்பதால் அந்த எரர் வராது, ஆனால் நீங்கள் கையால் எழுதிய ஸ்கிரிப்டில் மேற்கோள்குறி போடாத இடங்கள் மூன்று இருக்கின்றன, அங்கே உடையும்.

இணையம் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் சீமேக் கோப்பு, கான்ஃபிகர் செய்யும் நேரத்தில் ஒரு சோதனை லைப்ரரியை இணையத்திலிருந்து இழுக்கிறது. எங்கள் மாதிரி ஆய்வகங்களில் எல்லாம் பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும், 30 கணினி ஒரே நேரத்தில் இழுத்தால் பாதி தோற்கும். முதலில் கணினியில் இருக்கிறதா என்று பார், இல்லை என்றால் மட்டும் இழு, அதுவும் சோதனைகளை ஓட்டுகிறேன் என்று சொன்னால் மட்டும் இழு என்று மாற்றுங்கள். டெபியன் பேக்கேஜ் கட்டும்போதும் இணையத்தைத் தொடக்கூடாது என்பதால் பொதிகட்டி போன்றவர்களுக்கும் இதுதான் வசதி.

அந்த மாணவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முடிந்தால் அவரைத் தேடிப்பிடித்து, எரர் எதனால் வந்தது என்று சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி ஒரு மதியத்துக்குப் பிறகு நிரல் பக்கமே திரும்பாதவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நேரடிப்பதிவிறக்கம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஏன் எல்லோரும் மூலத்திலிருந்து கட்ட வேண்டும்? புத்தகத்தைத் திருத்த வருபவருக்குக் கருவி ஓடினால் போதும். ஆப்-இமேஜ் (இறக்கியவுடன் ஓடும் ஒற்றைக் கோப்பு) ஒன்று கட்டிப் போடுங்கள், வின்டோஸுக்கு ஒரு ஜிப், முடிந்தது வேலை. பில்ட் வழிமுறையை மெருகேற்றச் செலவிடும் நேரத்தில் இன்னும் பத்துப் பிழையைத் திருத்தியிருக்கலாம். டாக்கர் இமேஜும் கொடுத்துவிட்டால் உள்ளே எந்தப் பதிப்பு இருக்கிறது என்று யாருக்கும் கவலை இல்லை. நான் பல வருடமாக எதையும் மூலத்திலிருந்து கட்டியதில்லை, ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பொதிகட்டி எழுதியது:

பயன்படுத்துபவர்களுக்கு பைனரி (கட்டி முடித்த நிரல்) கொடுப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆப்-இமேஜ் கட்டினால் உங்கள் 24.04-இல் கட்டாதீர்கள், ஏட்டுச்சுவடி. அதில் ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.39, 22.04-இல் 2.35. புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால் ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய டிஸ்ட்ரோவில் கட்டினால் புதியவற்றிலும் ஓடும்.

ஆனால் கேள்வி பயிலரங்கு பற்றியது. வந்த 26 பேரும் நிரலைத் திருத்த வந்தவர்கள். பைனரியைத் திருத்த முடியாது. கட்டற்ற மென்பொருள் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, அதை எழுதியவரால் மட்டும்தான் கட்ட முடியும் என்றால் திருத்தும் உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, 1991-இல் வந்தது, அதிலேயே மூலநிரல் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் கம்பைல் செய்வதையும் இன்ஸ்டால் செய்வதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். பில்ட் கோப்பும் நிரல்தான், அதில் இருக்கும் பிழையும் பிழைதான். அதைத் திருத்தும் நேரத்தைத் தனிக் கணக்கில் எழுத வேண்டாம்.

இன்னொரு காரணம் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் திட்டம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளியில் சொன்னது நினைவிருக்கும், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறது என்று தோண்டிப் போய் பின்கதவைக் கண்டுபிடித்தார். அந்தப் பின்கதவைத் திறக்கும் எம்4 (பில்ட் மேக்ரோ) கோப்பு கிட் ரெப்போவில் இல்லை. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டு டார்பாலில் (வெளியிடும் மூலநிரல் தொகுப்பில்) மட்டும் இருந்தது. ஆட்டோடூல்ஸ் திட்டங்களில் டார்பாலில் ரெப்போவைவிடக் கூடுதல் கோப்புகள் இருப்பது வழக்கம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. பில்ட் என்பது யாரும் படிக்க விரும்பாத, படித்தாலும் புரியாத காடாக இருந்ததுதான் ஒளித்துவைக்க வசதியாகப் போனது. இதில் இன்னொரு துண்டு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அதே திட்டத்தின் சீமேக் கோப்பில், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை நிரலில் ஒரு ஒற்றைப் புள்ளியைச் செருகியிருந்தார்கள். அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எப்போதும் கம்பைல் ஆகாது, கம்பைல் ஆகாவிட்டால் வசதி இல்லை என்று பில்ட் எடுத்துக்கொள்ளும், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பாதுகாப்பு அணைந்துவிடும்.

உங்கள் திட்டத்துக்கு இதில் நேரடியாக எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. லைப்ரரி இருந்தால் வசதியைச் சேர், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கான்ஃபிகர் முடியும்போது எது சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று ஒரு சுருக்கத்தைத் திரையில் காட்டுங்கள். ஒருவர் "இந்த வசதி வேண்டும்" என்று வெளிப்படையாகக் கேட்டு அது கிடைக்காவிட்டால் பில்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

டாக்கர் பற்றி. இமேஜ் கொடுப்பதைவிட, டாக்கரை உங்கள் சோதனைக்கூடமாக வையுங்கள். கிட்ஹப் தரும் உபுண்டு ரன்னரில் (தானியங்கிச் சோதனைக் கணினியில்) பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பாதீர்கள், அதில் கம்பைலர், சீமேக், இன்னும் எத்தனையோ முன்கூட்டியே இன்ஸ்டால் ஆகியிருக்கும். வெறும் டெபியன் 12 கன்டெய்னரை எடுத்து, ரீட்மியில் இருக்கும் கட்டளைகளை மட்டும், வரிக்கு வரி, ஒன்றும் கூட்டாமல் ஓட்டுங்கள். ரீட்மியில் கிட் இன்ஸ்டால் செய்யச் சொல்லவில்லை என்றால் கிட் இல்லாமல் நிற்கும், அப்படி நிற்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட வைத்துவிட்டால் ரீட்மி பழசாகவே ஆகாது.

பெரிய திட்டங்கள் இதற்கு எவ்வளவு உழைத்திருக்கின்றன என்றும் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மாக் பூட்ஸ்ட்ராப் என்று ஒரு கட்டளை, தேவையானதை எல்லாம் அதுவே இறக்கிக்கொள்ளும். முகப்பை மட்டும் திருத்த வருபவர் சி++ பகுதியைக் கட்டவே வேண்டாம், ஏற்கனவே கட்டிவைத்த பகுதியை இறக்கித் தன் மாற்றத்தை மட்டும் அதன்மேல் வைத்துக்கொள்ளலாம், ஆர்ட்டிஃபாக்ட் பில்ட் என்பார்கள். பிளெண்டரில் மேக் அப்டேட் என்றால் டஜன் கணக்கான லைப்ரரிகள் கட்டிய நிலையிலேயே வந்து இறங்கும். ஜிசிசி கம்பைலரின் மூலத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு, ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று லைப்ரரிகளையும் சரியான பதிப்பில் இறக்கிச் சரியான இடத்தில் வைத்துவிடும். புது ஆள் முதல் நாளிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்று அங்கே யாரோ பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், வேலை அதிகம். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகப் பொதிகட்டி அண்ணாவுக்கும் ஆய்வகம் அக்காவுக்கும், என் கோப்புகளைத் திறந்து வரி வரியாகப் பார்த்துச் சொன்னதற்கு.

சீமேக் எண் 3.16 ஆகிவிட்டது. டெசராக்ட் 4.1-இலும் 5-இலும் கட்டிப் பார்த்துவிட்டேன், மூலத்திலிருந்து டெசராக்ட் கட்டும் பகுதியை ரீட்மியிலிருந்து நீக்கிவிட்டேன். ஐசியுவை எடுக்கத் தயக்கமாக இருந்தது, பழைய புத்தகங்களில் கிரந்த எழுத்துகள் வருமே என்று. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் தமிழ் யூனிகோடுக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றோடு வரும் குறிகளும் அதே குறிகள்தான், அந்த 4 ஜோடியைத் தாண்டி எதுவும் இல்லை. என்னிடம் இருக்கும் 312 பக்கத்தையும் ஐசியு வைத்தும் புது ஃபங்ஷன் வைத்தும் ஓட்டி ஒப்பிட்டேன், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதன் பிறகுதான் நீக்கினேன்.

சப்மாட்யூலை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கிட்ஹப் தானாகக் கொடுக்கும் ஜிப்பில் சப்மாட்யூல் வராது, அதை மாற்ற வழியில்லை. சோதனைப் பக்கங்களில் 6 பக்கத்தை மட்டும் சிறிதாக்கி முதன்மை ரெப்போவிலேயே வைத்துவிட்டேன், முழுத் தொகுப்பு வேண்டுபவர் மட்டும் தனியாக இறக்கலாம். ஜிப்பாக எடுத்தாலும் இப்போது பில்ட் ஆகிறது, சோதனைகளும் ஓடுகின்றன.

நினைவகம் பார்த்து வேலை எண்ணிக்கையை முடிவு செய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், பிறகு அதை வேண்டாம் என்று நீக்கினேன். ஸ்கிரிப்ட் இன்னொரு உடையும் இடம். ரீட்மியில் ஜே 2 என்றே எழுதிவிட்டேன், வேகம் வேண்டுபவர் மாற்றிக்கொள்வார்.

வெறும் டெபியன் 12 கன்டெய்னரில் ரீட்மியை ஓட்டியபோது முதல் தடவை ஐந்து இடத்தில் நின்றது. ஐந்துமே என் கணினியில் எப்போதோ இன்ஸ்டால் செய்து மறந்துபோனவை. அதில் பேக்கேஜ்-கான்ஃபிக் கருவியும் ஒன்று. பில்ட் டைப் சொல்லாமல் விட்டால் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டுகிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது, பயிலரங்கில் ஓடிய அந்த 4 பேரும் "ரொம்ப மெதுவாக இருக்கிறதே" என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். இப்போது எதுவும் சொல்லாவிட்டால் ரிலீஸ் என்று எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டேன்.

அந்த மாணவியின் மின்னஞ்சல் துறைத்தலைவர் மூலம் கிடைத்தது. அவருடைய எரரை அப்படியே எடுத்துப்போட்டு, இது இந்த வரியில் நான் செய்த தவறு, இன்று திருத்திவிட்டேன், திருத்திய கமிட் இது என்று எழுதினேன். நாலு நாள் கழித்து பதில் வந்தது. 22.04-இலேயே கட்டிவிட்டார். கட்டியதோடு நிற்காமல், கம்பைலர் எச்சரிக்கை ஒன்றைப் பார்த்துவிட்டு, பழைய லை வடிவத்தைத் தேடும் இடத்தில் பக்கத்தின் கடைசி எழுத்தை விட்டுவிடுகிறேன் என்று காட்டி ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறார். அந்தப் பிழை ஒன்றரை வருடமாக அங்கே இருந்திருக்கிறது.

ஒரு சிக்கல் மீதி. மேக்கில் ஹோம்ப்ரூ (பேக்கேஜ் நிறுவி) வைத்திருப்பவர்களில் பழைய இன்டெல் கணினிகளில் லைப்ரரிகள் யூஎஸ்ஆர் லோக்கலில், புதியவற்றில் ஓபிடி (opt) ஹோம்ப்ரூ என்ற ஃபோல்டரில். என்னிடம் மேக் இல்லை. யாராவது இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஃபெடோராவிலும் ஒருவர் பார்த்தால் நல்லது.

வடகரை எழுதியது:

புதிய மேக்புக் ஏர் மடிக்கணினியில் ஓட்டினேன், ஹோம்ப்ரூவில் டெசராக்ட், பேக்கேஜ்-கான்ஃபிக் இரண்டும் போட்ட பிறகு வேறெதுவும் தொடாமல் கட்டியது, சோதனைகள் அத்தனையும் தேறின. இன்டெல் மேக் என்னிடம் இல்லை.

ஃபெடோராவில் நின்றது. உங்கள் எரர் செய்தி லெப்டோனிக்காவுக்கு டெபியன் பெயரையே ஃபெடோரா வரியிலும் சொல்கிறது, அங்கே அது லெப்டோனிக்கா-டெவெல். பெயரைத் திருத்தி பேட்ச் அனுப்பியிருக்கிறேன், கூடவே வெறும் ஃபெடோரா கன்டெய்னரையும் உங்கள் சோதனையில் சேர்த்திருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.